மொட்டை மாடியில ஒரு யாகி ஆன்டெனா

"நாலு கோடும் முழுசா நிக்குது, ஆனா ஜிபேல அம்பது ரூபா போறதுக்குள்ள கடைக்காரன் என்னைய திருடனப் பாக்குற மாதிரி பாக்குறான், நீயெல்லாம் அங்க உக்காந்து என்னடா வேலை பாக்குற?" இது எங்க சித்தப்பா. காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு எங்க பாத்தாலும் இதே பேச்சுதான். ஆர்எஃப் ஆப்டிமைசேஷன்ல, அதாவது மொபைல் டவர் சிக்னல சீர் பண்ற வேலைன்னு வீட்ல சொன்ன நாள்ல இருந்து சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் நான்தான் கஸ்டமர் கேர். எல்லாரும் கடைசில சொல்ற வைத்தியமும் ஒண்ணுதான்: "டவர்ல பவரைக் கொஞ்சம் ஏத்தி விட வேண்டியதுதானே?" இந்த ஒரு வரி இருக்கே, இதத்தான் ரொம்ப நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். பவரை ஏத்தினா ஏன் சரியாகாதுன்னு அஞ்சு நிமிஷத்துல விளக்கிடலாம், அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா சென்னை சௌகார்பேட்டைல ஒரு குடோன்காரர் அதே விஷயத்த வேற பக்கத்துல இருந்து கேட்டாரு, அதுக்குத்தான் இன்னி வரைக்கும் என்கிட்ட முழுசா பதில் இல்ல.

மொதல்ல அந்தக் கோட்டப் பத்தி சொல்லிடுறேன். போன்ல தெரியுற கோடு, டவர் அனுப்புற சிக்னல் உங்க போனுக்கு எவ்ளோ பலமா வந்து சேருதுன்னு மட்டும்தான் காட்டும். சுத்தி இருக்கிற மத்த டவருங்க அதே ஃப்ரீக்வென்சில எவ்ளோ பலமா வருதுன்னு காட்டாது, உங்க போன் திருப்பி அனுப்புறது டவருக்கு ஒழுங்கா கேக்குதான்னு சுத்தமா காட்டாது. டவர்ல ஒரு செக்டார் (ஒரு திசையப் பாத்து நிக்கிற ஆன்டெனா) ஒரு கேரியருக்கு (ஒரு துண்டு ஃப்ரீக்வென்சிக்கு) 20 வாட், 40 வாட்னு அடிக்கும். உங்க 4ஜி போன் அதிகபட்சமா அடிக்கிறது 0.2 வாட். டவர் பவரை ஏத்தினா கோடு கூடும், சித்தப்பா சந்தோஷப்படுவாரு, ஆனா அவரு போனோட 0.2 வாட் அதே 0.2 வாட்தான். அதோட இந்த டவர் பவரை ஏத்துனது பக்கத்து டவர்ல இருக்கிறவனுக்கு இரைச்சலாப் போய் விழும், அவனுக்கும் ஒரு சித்தப்பா இருப்பாரு, அவரு அங்க பவரை ஏத்தச் சொல்லுவாரு.

தகவல் தொடர்புக்கே கணக்கு போட்ட ஷானன் 1948லயே எழுதி வச்சிட்டாரு. ஒரு சேனல்ல எவ்ளோ டேட்டா போகும்ன்றது ரெண்டே விஷயத்துலதான் இருக்கு, எவ்ளோ பேண்ட்வித் (ஃப்ரீக்வென்சியோட அகலம்) இருக்கு, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்ன. பேண்ட்வித்த ரெண்டு மடங்காக்கினா, அந்த விகிதம் அப்படியே இருக்கிற வரைக்கும், டேட்டாவும் ரெண்டு மடங்கு. விகிதத்த ஏத்துறது அப்படி இல்ல, அது லாகரிதம், ஏத்த ஏத்த கிடைக்கிற லாபம் கொறஞ்சுக்கிட்டே போகும். அதனாலதான் 2022 ஏலத்துல கம்பெனிங்க ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல கொட்டிக் குடுத்து ஸ்பெக்ட்ரம், அதாவது ஃப்ரீக்வென்சிய பயன்படுத்துற உரிமைய, வாங்குனாங்க. பவர் கரண்ட் பில்லுதான். ஸ்பெக்ட்ரம் நெலம் மாதிரி, புதுசா யாரும் செய்ய முடியாது.

அரை நெலத்துல நடத்துன விவசாயம்

எங்க சீனியர்ஸ் 2ஜி காலத்துக் கதை சொன்னா வயித்தெரிச்சலாவும் இருக்கும், பெருமையாவும் இருக்கும். ஜிஎஸ்எம்ன்ற 2ஜி முறை ஆரம்பிச்சப்ப ஒரு ஆபரேட்டருக்கு கையில குடுத்தது போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு 4.4 மெகாஹெர்ட்ஸ். அப்புறம் சப்ஸ்கிரைபர் ஏற ஏற 6.2 ஆச்சு. ஒரு ஜிஎஸ்எம் கேரியர் 200 கிலோஹெர்ட்ஸ், அப்ப 4.4ல மொத்தமே 22 கேரியர். ஒவ்வொண்ணுலயும் எட்டு டைம்ஸ்லாட், அதாவது மாத்தி மாத்தி வர்ற எட்டு நேரத் துண்டு. இந்த 22ஐ வச்சிக்கிட்டு மெட்ராஸ் முழுக்க ஓட்டணும். ஒரு கேரியர தி.நகர்ல ஒரு செக்டாருக்குக் குடுத்தா, பக்கத்து செக்டாருக்கு அதையே குடுக்க முடியாது, ரெண்டு மூணு டவர் தள்ளித்தான் திரும்ப எடுக்க முடியும். இந்த ரீயூஸ் ஐடியாவ பெல் லேப்ஸ்ல 1947லயே போட்டுட்டாங்க, அறுகோணக் கட்டம் வரைஞ்சு. ஆனா அறுகோணம் காயிதத்துல. ஊர்ல எங்க பாத்தாலும் ஃப்ளைஓவரும், கண்ணாடி பில்டிங்கும், கூவமும். சிக்னல் எங்க போய் எட்டிப் பாக்கும்னு யாருக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க எக்ஸெல் ஷீட்ல கலர் அடிச்சு ஃப்ரீக்வென்சி பிளான் போட்டு, விடியக்காலைல லோட் பண்ணி, ஆறு மணிக்கு ரோட்ல போய் சிக்னல அளக்குற டிரைவ் டெஸ்ட்டுக்கு வண்டி கெளம்புமாம்.

இதுல நம்ம நாட்டுக்குன்னே ஒரு கூத்து வேற. 900 பேண்ட்ல ஜிஎஸ்எம் ஐரோப்பாக்காரன் கணக்கு, 800ல சிடிஎம்ஏன்ற வேற முறை அமெரிக்காக்காரன் கணக்கு, நம்ம ஆளுங்க ரெண்டையும் அனுமதிச்சாங்க. சிடிஎம்ஏ டவர் அனுப்புற பேண்ட் 869ல இருந்து 889 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ஜிஎஸ்எம் டவர் போன்கிட்ட இருந்து கேக்குற பேண்ட் 890ல ஆரம்பம். நடுவுல ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் வரப்பு. ஒரே மொட்டை மாடியில ரெண்டு கம்பெனி ஆன்டெனாவும் நின்னுச்சின்னா, ஒருத்தன் 20 வாட்ல அனுப்புறதோட ஓரம் சிந்தி, இன்னொருத்தன் நுண்ணுசா கேட்டுக்கிட்டு இருக்கிறதுல போய் விழும். அப்புறம் யாரு செலவுல ஃபில்டர் போடுறதுன்னு சண்டை. ரெண்டு பேருமே லைசென்ஸ் வாங்கினவங்க, ரெண்டு பேரும் விதிமுறைப்படிதான் நடந்தாங்க, ஆனாலும் இரைச்சல் இரைச்சல்தான். இன்டர்ஃபெரன்ஸ்ன்னா எவனோ திருட்டுத்தனமா பண்றதுன்னு நெனைக்கிறவங்களுக்கு இதச் சொல்லுவேன்.

3ஜில அந்தக் கலர் அடிக்கிற வேலையே போச்சு. எல்லா டவரும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ், கோட் மட்டும் வேற வேற. அதுக்கு விலை, போனோட பவரை நொடிக்கு 1500 தடவை ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா டவர் பக்கத்துல இருக்கிறவன் தூரத்துல இருக்கிறவன அமுக்கிடுவான். 4ஜிலயும் எல்லா டவருக்கும் ஒரே ஃப்ரீக்வென்சிதான், ஆனா அதப் பொடிப் பொடியா நறுக்கிட்டாங்க, 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு ரிசோர்ஸ் பிளாக், ஒவ்வொரு மில்லிசெகண்டும் எந்த பிளாக் யாருக்குன்னு ஷெட்யூலர் முடிவு பண்ணும். பக்கத்து டவருங்க எக்ஸ்2ன்னு ஒரு லிங்க் வழியா "இந்த பிளாக்குல எனக்கு இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு"ன்னு ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்லிக்கும். எழுதிப் பாத்தா அழகா இருக்கும். நேர்ல, வேற வேற கம்பெனி செஞ்ச டவர் பாக்ஸ் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன நடக்கும்னு என்கூட வேலை செய்யறவங்ககிட்ட கேளுங்க.

ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குற இரைச்சல்

இப்ப சௌகார்பேட்டை. வடசென்னை கிளஸ்டர் என் பொறுப்புல இருந்தப்ப 900 பேண்ட் 4ஜி செக்டார் மூணு நாலுல அப்லிங்க் (போன்ல இருந்து டவருக்கு வர்ற பக்கம்) இரைச்சல் ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஒரு ரிசோர்ஸ் பிளாக்குக்கு இயற்கையா இருக்கிற வெப்ப இரைச்சல், டவர் ரிசீவரோட சொந்த இரைச்சல் எல்லாம் சேத்து மைனஸ் 118 டிபிஎம் (பவரை அளக்குற டெசிபல் கணக்கு) சுமாருக்கு இருக்கணும். அங்க மைனஸ் 98 காட்டுது. 20 டெசிபல்ன்னா நூறு மடங்கு. தெரு அளவுக்கு இறக்கிச் சொல்லணும்னா, டவருக்கு போன் கேக்குற தூரம் ஏறக்குறைய நாலுல ஒரு பங்கா சுருங்கிடும். போன்ல கோடு மட்டும் அப்படியே முழுசா நிக்கும், ஏன்னா டவர் அனுப்புறதுல ஒரு கோளாறும் இல்ல. சித்தப்பா கேட்ட கேள்விக்கு உரிய பதில் இதுதான்.

கிராஃப எடுத்துப் பாத்தா 25 பிளாக்கும் ஒரே மட்டத்துல தூக்கி நிக்குது. ஏதோ ஒரு பிளாக்குல மட்டும் ஊசி மாதிரி நின்னா அது வேற கதை, எவனோ ஒருத்தனோட 2ஜி கேரியர் மாறி விழுந்திருக்கும், இல்ல ஏதோ ஒரு மெஷின் கெட்டுப் போயிருக்கும். பாய் விரிச்ச மாதிரி முழுசா ஏறுனா பெரும்பாலும் பூஸ்டர், சிக்னலப் பெருக்க யாரோ தானா மாட்டிக்கிட்ட பெட்டி. அதவிட பெரிய துப்பு நேரக் கணக்குல இருந்துச்சு. காலைல பத்தரை வாக்குல ஏறும், ராத்திரி எட்டரைக்கு எறங்கிடும், ஞாயித்துக்கிழமை முழுக்க பளிங்கு மாதிரி சுத்தம். இரைச்சல் கடை தொறந்து கடை மூடுது. போட்டிக் கம்பெனில இருக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு "உங்களுக்கும் அங்க அடி விழுதா"ன்னு வாட்ஸப் போட்டேன், "செம அடி"ன்னு பதில். இந்த வேலைல கம்பெனி வேறயா இருந்தாலும் நாங்க எல்லாம் ஒரே இரைச்சல்ல முங்குறவங்கதான்.

எந்த ஃப்ரீக்வென்சில எவ்ளோ சிக்னல் இருக்குன்னு காட்டுற, கையில புடிக்கிற ஸ்பெக்ட்ரம் அனலைசர், கூட ஒரே திசைய மட்டும் உத்துக் கேக்குற ஒரு சின்ன யாகி ஆன்டெனா, ரெண்டையும் எடுத்துக்கிட்டு டவர் ஏறுற ரிக்கர் ஒருத்தரோட மொதல்ல நம்ம டவர் இருக்கிற மாடிக்கு ஏறுனோம். ஆன்டெனாவ மெதுவா சுத்தி எந்தத் திசைல இரைச்சல் உச்சத்துக்குப் போகுதோ அத மேப்ல கோடு போட்டு வச்சிட்டு, அடுத்த டவர் மாடிக்குப் போயி அதே வேலை. ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடம் மின்ட் ஸ்ட்ரீட்ட ஒட்டி உள்ள போற ஒரு சந்து. கீழ எறங்கி நடந்தா எல்லாம் பொய்யாயிடும், ரெண்டு பக்கமும் மூணு மாடிச் சுவரு, சிக்னல் பட்டுத் தெறிச்சு எல்லாப் பக்கத்துல இருந்தும் வர்ற மாதிரியே காட்டும். தள்ளுவண்டி, மூட்டை தூக்கிட்டு ஓடுற ஆளுங்க, நடுவுல நான் மீன் முள்ளு மாதிரி ஒரு கம்பிய வானத்தப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்குறேன், ஒரு அக்கா வந்து "கேபிளா தம்பி, எங்க வீட்லயும் படம் வரல"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. வேற வழியில்லாம மாடி மாடியா பர்மிஷன் கேட்டு ஏறுனோம். ஒரு மாடில தண்ணி டேங்க் ஸ்டாண்டுல ஜிஐ பைப்பு கட்டி அதுல ஒரு யாகி ஆன்டெனா, நேரா நம்ம டவரப் பாத்து. அதுல இருந்து கருப்பு கேபிள் ஒண்ணு சுவரோரமா எறங்கி, ஜன்னல் கிரில்லுக்குள்ள நொழைஞ்சு, கீழ குடோனுக்குப் போகுது. நம்ம கையில இருக்கிற யாகியும் அதுவும் ஒரே மாதிரி இருந்துச்சு, அவரோடது கொஞ்சம் பெருசு.

கீழ போய் பாத்தா ஸ்டேஷனரி, ஃபேன்சி ஐட்டம் ஹோல்சேல். கிரவுண்ட் ஃப்ளோர்ல கடை, அதுக்குக் கீழ பேஸ்மென்ட்ல குடோன். பேஸ்மென்ட் சுவர்ல பேர் இல்லாத அலுமினியப் பெட்டி, நாலு எல்இடி, அதுல ஒண்ணு செவப்பு. இந்தப் பெட்டிக்கு எந்தக் கம்பெனி, எந்த சப்ஸ்கிரைபர்னெல்லாம் தெரியாது, 890ல இருந்து 915 வரைக்கும் என்ன வந்தாலும் பெருக்கி அனுப்பும், யாரும் பேசாதப்பகூட தன்னோட சொந்த இரைச்சலப் பெருக்கி டவருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதவிட மோசம், மேல இருக்கிற ஆன்டெனாவுக்கும் கீழ இருக்கிற ஆன்டெனாவுக்கும் நடுவுல போதுமான தடுப்பு இல்லன்னா, கீழ விட்டது மேல போயி, மேல போனது கீழ வந்து, சுத்திச் சுத்தி ஏறும். மைக்க ஸ்பீக்கர் முன்னாடி கொண்டு போனா ஊளையிடுமே, அதே கதைதான். அந்த செவப்பு எல்இடி அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

"அப்ப ஏன் வரல?"

கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். நான் ஐடி கார்ட காட்டி விஷயத்தச் சொன்னேன், சார் இது லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கக் கூடாத சாமான், 1933லயே சட்டம் இருக்கு, இதனால இந்த ஏரியா முழுக்க போன் கட்டாகுது, ஆஸ்பத்திரிக்கு போன் போடுறவனுக்குக்கூட லைன் கிடைக்காது, அப்படி இப்படின்னு. அவரு கோவப்படல. சேர இழுத்துப் போட்டு உக்காரச் சொல்லிட்டு, கல்லா மேசை டிராயர்ல இருந்து ஒரு நோட்ட எடுத்தாரு. அதுல ஒரு பக்கம் முழுக்க கம்ப்ளைண்ட் நம்பருங்க, தேதியோட, ஒவ்வொண்ணுக்கும் நேரா "க்ளோஸ்டு"ன்னு அவரு கையெழுத்துல எழுதி வச்சிருக்காரு. அப்புறம் கேட்டாரு: "தம்பி, ஒன்றரை வருஷமா கீழ போன் எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பசங்க கீழ ஸ்டாக் எடுக்கிறப்ப பார்ட்டி போன் பண்ணா நாட் ரீச்சபிள். ஆர்டர் போச்சு. ஒருத்தன் வரல. இந்தப் பெட்டிய மாட்டினதும் ரெண்டு பேரு மெஷின எடுத்துக்கிட்டு வூடு தேடி வந்துட்டீங்க. அப்ப ஏன் வரல?"

நான் பழக்கதோஷத்துல, பேஸ்மென்ட்ல சிக்னல் வர்றது கஷ்டம் சார், கான்கிரீட்டு, அது இதுன்னு ஆரம்பிச்சேன். அவரு கைய அமத்தி, "அது எனக்குத் தெரியும்பா, நான் கேக்குறது அது இல்ல"ன்னாரு.

அவரு கேட்டது எனக்குப் புரிஞ்சுது, நல்லாவே புரிஞ்சுது. அவரு பேஸ்மென்ட்ல சிக்னல் இல்லாதப்ப என் ஸ்க்ரீன்ல எதுவுமே தெரியாது. தெரியவே தெரியாது, அதுதான் விஷயம். கால் டிராப்னு ஒரு கணக்கு இருக்கு, டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் டிராய் அதுக்கு ரெண்டு சதவீதம்னு வரம்பு வச்சாங்க, மாசாமாசம் எங்க மேனேஜர் அத வச்சித்தான் எங்கள வறுப்பாரு. ஆனா டிராப் ஆகணும்னா மொதல்ல கால் சேரணும். சேராத கால் டிராப் ஆகாது. போன் டவரத் தொடவே முடியலன்னா டவர்ல நடக்கிறத எண்ணி வைக்கிற எந்த கவுன்ட்டரும் ஏறாது, தோல்வின்னுகூட பதிவாகாது. பேஸ்மென்ட்ல இருக்கிற ஆளு நெட்வொர்க்கப் பொறுத்தவரைக்கும் போன ஆஃப் பண்ணி வச்சிருக்கிற ஆளு மாதிரிதான். இன்னும் சொல்லணும்னா அவரு மாதிரி ஓரத்துல தொங்கிக்கிட்டு இருக்கிற ஆளுங்க முழுசா அறுந்து போயிட்டா எங்க ரிப்போர்ட் கொஞ்சம் நல்லாவே இருக்கும், ஏன்னா டிராப் ஆகக்கூடிய காலுங்க கணக்குலயே வராது. டிரைவ் டெஸ்ட்? அது கார்ல ரோட்டு மேல போறது. கார் பேஸ்மென்ட்டுக்குள்ள எறங்காது.

ஆனா அவரு பெட்டிய மாட்டின அந்த நிமிஷம் மூணு நாலு செக்டார்ல நாலு கவுன்ட்டரு செவப்பாச்சு, எனக்கு மெயில் வந்துச்சு, மெஷின எடுத்துக்கிட்டு கெளம்பினேன். எங்களோட அளவு எல்லாமே டவர் உச்சில இருந்து கீழ பாக்குற அளவு. அங்க இருந்து பாத்தா அவரு தொந்தரவா மாறினப்பதான் எங்க கண்ணுக்கே பட்டாரு.

ஆல்ஃபா

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, நெறைய தடவை பாத்த ஒரு பாராமீட்டர வேற கண்ணோட பாத்தேன். 4ஜில போன் எவ்ளோ பவர்ல பேசணும்ன்றதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, அதுல ஆல்ஃபான்னு ஒண்ணு. 0, அப்புறம் 0.4ல இருந்து 1 வரைக்கும் வைக்கலாம். 1ன்னு வச்சா, டவருக்கும் போனுக்கும் நடுவுல எவ்ளோ சிக்னல் தேயுதோ அத்தனையும் போன் பவரை ஏத்தி ஈடுகட்டலாம். நெறைய எடத்துல 0.8 மாதிரி வச்சிருப்பாங்க. அப்ப 10 டெசிபல் கூடுதலா தேஞ்சா போன் 8தான் ஏத்தும். 90 டெசிபல் தேயுற எடத்துல இருக்கிறவனோட ஒப்பிட்டா 130 தேயுற எடத்துல இருக்கிறவன் 8 டெசிபல் கம்மியாத்தான் டவருக்குக் கேப்பான். வேணும்னே அப்படி வைக்கிறது. ஏன்னா அந்த ஓரத்துல இருக்கிறவன் முழுசா பவரை ஏத்தினா பக்கத்து டவருக்குத்தான் இரைச்சல் போகும். மொத்தமா கூட்டிப் பாத்தா 0.8தான் லாபம், ஊர் முழுக்க டேட்டா கூடும். யாராவது ஒருத்தர் கொஞ்சம் அடங்கிப் போகணும், அது ஓரத்துல இருக்கிறவரு.

நியாயமாச் சொன்னா நம்ம குடோன்காரரு கதைல ஆல்ஃபாவுக்கு பெரிய பங்கு இல்ல, அந்த பேஸ்மென்ட்ல போன் ஏற்கனவே 0.2 வாட் உச்சத்துல முட்டிக்கிட்டு நிக்கும், 1ன்னு வச்சாலும் கேக்காது. ஆனா யோசிக்கிற விதம் ஒண்ணுதான். ஷெட்யூலரையும் பாருங்க. டவருக்கு நேர் கீழ நிக்கிற ஒருத்தனுக்கு ஒரு சிம்பல்ல (ஒரு தடவைல அனுப்புற துண்டு சிக்னல்ல) அஞ்சரை பிட்டு ஏத்தி அனுப்பலாம். ஓரத்துல, கடைசிக் கட்டத்துல இருக்கிறவனுக்கு 0.15 பிட்டு. அதாவது அதே படத்த அனுப்ப அவனுக்கு 36 மடங்கு எடம் வேணும். அவனுக்கு அனுப்புற ஒவ்வொரு படமும் முப்பத்தஞ்சு பேரோட படத்துக்கான எடத்தப் புடுங்குன மாதிரி. அதனால நடுவாந்தரமா ஒண்ணு வச்சிருக்காங்க, ப்ரொப்போர்ஷனல் ஃபேர்னு பேரு, யாரையும் பட்டினி போடாம, ஆனா நல்லா இருக்கிறவன் நல்லா இருக்கிற நேரம் பாத்து அவனுக்கு அள்ளிக் குடுக்கிறது. கணக்காப் பாத்தா ரொம்ப புத்திசாலித்தனமான வழி, அதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. ஆனா அது வரிசைல நிக்கிறவங்களுக்கு உள்ள நியாயம். வரிசைக்கே வர முடியாதவனப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல.

இத டீம்ல பேசினப்ப ஒருத்தன் சொன்னான், "நீ அவரு பூஸ்டருக்கு வக்காலத்து வாங்குற." இல்ல. அந்தப் பெட்டி இருந்த வரைக்கும் அந்த சந்தைச் சுத்தி எத்தன வீட்டு போனுங்க டவருக்குக் கேக்கணுமேன்னு முழு பவர்ல கத்தி பேட்டரிய தின்னுச்சோ, எத்தன பேரு ஆம்புலன்ஸுக்கு ரெண்டு மூணு தடவை அடிச்சாங்களோ, அவங்களும் யாரு கவுன்ட்டர்லயும் தெரியாத ஆளுங்கதான். ஒருத்தரோட பேஸ்மென்ட்டுக்காக அத்தன பேரோட அப்லிங்க காவு குடுக்க முடியாது. அந்தப் பெட்டி கழட்ட வேண்டியதுதான், அதுல ரெண்டு பேச்சு இல்ல.

வேற ஊர்ல எப்படின்னா

அமெரிக்கால டெலிகாம ஒழுங்குபடுத்துற எஃப்சிசி 2013ல ஒரு வழி பண்ணாங்க. பூஸ்டர தடை பண்றதுக்குப் பதிலா, பெட்டி எப்படி இருக்கணும்னு விதி போட்டாங்க. ஊளையிட ஆரம்பிச்சா தானே ஆஃப் ஆகணும், டவர் பக்கத்துல இருந்தா பெருக்குறத தானே கொறைச்சுக்கணும், சும்மா இருக்கிறப்ப இரைச்சல் அனுப்பக் கூடாது, வாங்குறவங்க ஆபரேட்டர்கிட்ட பதிவு பண்ணிக்கணும். பிரிட்டன்ல அதே வேலையப் பாக்குற ஆஃப்காம் 2018ல கிட்டத்தட்ட அதே மாதிரி, குறிப்பிட்ட தரத்துல இருக்கிற பெட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விட்டாங்க. இங்க நமக்கு தடை இருக்கு, தடைய மீறி ஆன்லைன்ல தேடினா நம்ம ஊருக்கே டெலிவரி ஆகுற பேர் இல்லாத பெட்டியும் இருக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல. ஆபரேட்டர்கிட்ட கேட்டா முறையா ரிப்பீட்டரோ (ஆபரேட்டரே வைக்கிற பூஸ்டர்), பில்டிங்குக்கு உள்ளயே சின்ன ஆன்டெனாவோ போட்டுத் தருவாங்கதான், ஆனா அது மாலுக்கும் ஐடி பார்க்குக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும். சௌகார்பேட்டை பேஸ்மென்ட்டுக்கு பிசினஸ் கேஸ் வராது. நானே அந்த ஷீட்ட ஃபில் பண்ணிப் பாத்திருக்கேன், கடைசிக் கட்டத்துல செவப்புதான்.

இன்னொரு பக்கம், அதே தெருவுல பக்கத்துல ஒரு சின்ன டவர் போடலாம்னு போனா ரேடியேஷன்னு போர்டு புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. நம்ம நாட்டுல 2012 செப்டம்பர்ல இருந்து டவர் கதிர்வீச்சு வரம்பு சர்வதேச அளவுல பத்துல ஒண்ணு. டவர் தூரமா போனா போன்தான் காதுகிட்ட முழு பவர்ல அடிக்கும்னு எவ்ளோ சொன்னாலும் அசோசியேஷன் மீட்டிங்ல எடுபடாது. டவர் வேண்டாம்னு கையெழுத்துப் போட்ட அப்பார்ட்மென்ட் ஒண்ணுல, மாடியில மூணு யாகி எண்ணிட்டு வந்தேன்.

குடோன்காரரு விஷயம் எப்படி முடிஞ்சுதுன்னா, பெட்டிய கழட்ட எங்களுக்கு அதிகாரம் கிடையாது, வயர்லெஸ் மானிட்டரிங் ஆளுங்கதான் நோட்டீஸ் குடுக்கணும். அதுக்கு அவசியம் வரல, அவரே பையனக் கூப்பிட்டு பிளக்க புடுங்கச் சொன்னாரு, நான் மேல போய் அனலைசர்ல பாத்தேன், இரைச்சல் தரைக்கு எறங்கிடுச்சு. கடைல ஏற்கனவே ஃபைபர் கனெக்ஷன் இருந்துச்சு, பேஸ்மென்ட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர இழுத்து, பசங்க போன்ல எல்லாம் வைஃபை காலிங் (டவர் இல்லாம வைஃபை வழியா பேசுறது) ஆன் பண்ணிக் குடுத்தேன். நம்ம ஊர்ல 2019 கடைசில இருந்து வந்த வசதி, செட்டிங்ஸ்ல உள்ள எங்கயோ ஒளிஞ்சு கிடக்கும், ஆபரேட்டருங்களே பெருசா விளம்பரம் பண்ண மாட்டாங்க. ரெண்டு பசங்களோட பழைய போன்ல அந்த ஆப்ஷனே இல்ல, அவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியல. செக்டாரோட டில்ட்ட (ஆன்டெனா சாய்வ) ஒரு டிகிரி மாத்தி, தெரு மட்டத்துல கொஞ்சம் முன்னேத்தினேன், அது பேஸ்மென்ட்டுக்கு உதவுச்சான்னு அளக்க என்கிட்ட எந்த கவுன்ட்டரும் இல்ல.

இதப் படிக்கிறவங்க யாராவது இப்ப ஆன்லைன்ல அந்தப் பெட்டிய கார்ட்ல போட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, மொதல்ல வைஃபை காலிங் இருக்கான்னு பாருங்க. அதோட கம்ப்ளைண்ட் குடுக்கிறப்ப "நெட்வொர்க் ப்ராப்ளம்"னு மட்டும் சொல்லாதீங்க, அது வந்த அன்னிக்கே டவர் ஓடுதான்னு பாத்துட்டு க்ளோஸ் ஆயிடும். எந்த மாடி, பில்டிங்ல எந்தப் பக்கம், வாசலுக்கு வந்தா வருதா, எந்த நேரத்துல, கால் வரலையா இல்ல நெட் மட்டும் இல்லையான்னு எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா மெயில்ல போடுங்க. அந்த மாதிரி ஒரு வரி இருந்தாத்தான் அது எங்க டேபிள் வரைக்கும் வரும். எங்க சித்தப்பாவுக்கும் இதையேதான் சொன்னேன், "அதெல்லாம் இருக்கட்டும், நீ பவரை ஏத்துவியா மாட்டியா"ன்னாரு.